நாற்பத்தேழு டம்ளர்

சரோஜினி தர வேண்டிய பாக்கி தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய். தாம்பரத்தை ஒட்டிய அந்தப் பல்கலைக்கழகத்தில் காகிதக் கப்புக்குத் தடை வந்ததும், கேன்டீனில் எவர்சில்வர் டம்ளர் வந்தது. கழுவி அடுக்குவது அவள் வேலை. இரண்டே மாதத்தில் நாற்பத்தேழு டம்ளரைக் காணோம். ஒன்றுக்கு இருபது ரூபாய்.

"டம்ளர்ல கேன்டீன் பேரு வெட்டி வையி, எவனும் தூக்கினு போவ மாட்டான்னு நீதானேக்கா சொன்ன," என்றான் மேனேஜர் டெனிஸ். "சனிக்கிழமை சம்பளத்துல பிடிச்சுடுவேன்."

மரத்தடி, நூலகப் படி, விடுதி வராந்தா என்று தேடி அலைந்தாள்.

"இன்னாக்கா, டீயோட டம்ளரையும் முழுங்கிட்டோமா?" என்று விடுதிப் பையன்கள் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை பசுமை விழா. விழாக் குழுத் தலைவி விஷ்ணுப்ரியா மேடம் ஊழியர்களை வரிசையாக மேடைக்கு அழைத்து, பச்சை பெயின்ட் அடித்த குட்டித் தொட்டியில் ஆளுக்கொரு கற்பூரவல்லிச் செடி கொடுத்தார்.

"ஒரு பிளாஸ்டிக் தொட்டிகூட வாங்கல. கேம்பஸ்ல கேட்பாரில்லாம கிடந்ததையெல்லாம் பொறுக்கி, அடியில ஓட்டை போட்டோம்," என்றார் பெருமையாக. கைதட்டல் அடங்க நேரமானது.

சரோஜினியின் விரலில் பெயின்டுக்கு அடியில் ஏதோ நெருடியது. நகத்தால் சுரண்டினாள். கேன்டீன் பெயர்.

"டெனிஸு, மொத்தம் எத்தினி செடின்னு எண்ணு."

எண்ணி முடித்த டெனிஸ், தன் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்த செடியைத் தள்ளிப் பிடித்தான்.

"நாப்பத்தேழு. இதுல இனிமே டீ ஊத்துனா காலுலதான்க்கா ஊத்தும்," என்று கணக்கு நோட்டை எடுத்துத் தொள்ளாயிரத்து நாற்பதைக் கோடு போட்டு அடித்தான்.