கிடாக்கொம்புக் கத்தி

செத்துப்போன செல்லக் கிடாயின் கொம்பைப் பல நாளாகத் தேடிக்கொண்டிருந்த பாக்கிஸ், அதைத் தன் மனைவி மல்லேனாவின் பையில் கண்டுபிடித்தான். அது ஒரு மடக்குக் கத்திக்குப் பிடியாகிப் பளபளத்தது.

"இதுக்குத்தான் அந்தக் கத்திக்கொல்லன் தொத்தோனி பட்டறையே கதின்னு கிடந்தியா?"

"ஆமா, அங்கேதான் செஞ்சது."

பாக்கிஸுக்கு வயிறு எரிந்தது. சர்தீனியா மலையூர்களில் கத்தியைச் சும்மா வாங்கினால் கொடுத்தவரோடு உள்ள பாசம் அறுந்துபோகும் என்று நம்பிக்கை; பேருக்காவது ஒரு காசு கொடுத்துத்தான் வாங்குவார்கள்.

"அவனுக்குக் காசு குடுத்தியா?"

"இல்லையே."

"அப்பாடா! அறுந்துச்சு உங்க சிநேகம்!"

மல்லேனா கொப்புளம் கண்ட உள்ளங்கையை விரித்தாள். "அவர் வேலையைச் சொல்லிக்குடுத்ததோட சரி. கொம்பை ராவிச் செஞ்சதெல்லாம் நான். உனக்குத்தான்யா, பிடி!"

வாங்கிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தன் சட்டைப்பையெல்லாம் துழாவினான், ஒரு காசுகூட இல்லை. பட்டறைக்குத் தலைதெறிக்க ஓடினான்.

"தொத்தோனி அண்ணே! அவசரம்ணே, ஒரு காசு கடன் குடுங்கண்ணே!"