தோற்றவன் கழுவ வேண்டிய கோப்பை

“டேய் விஜி, செய்தி கேட்டனியோ? உன்ரை ஹாக்கி வீரன் ரெட்டோ ஓய்வாம்!”

குகநாதன் எதிர்க் கதிரையைப் பார்த்துக் கைதட்டினார். மனைவி புனிதவதி இரண்டு தேநீரையும் மேசையில் வைத்தாள்.

“பாவம், அவரைச் சும்மா விடுங்கோவன்.”

“ஏன் விடுறது? அந்த ரெட்டோ அடிச்ச கோலுகளாலை நான்தானே கோப்பை கழுவினனான்!”

சுவிஸில், டாவோஸ் ஹோட்டல் குசினியில் இருவரும் வேலை செய்த காலத்து ஒப்பந்தம் அது. ஐஸ் ஹாக்கியில் எவனுடைய அணி தோற்கிறதோ, அவன் இரண்டு பேரின் கோப்பையையும் கழுவ வேண்டும்.

“ஓய்வெண்டாலும் தோல்விதான். இண்டைக்கு நீ கழுவு. எழும்படா!” குகநாதனின் குரல் ஏனோ உடைந்தது.

“வாங்கோ, கொஞ்சம் நடந்திட்டு வருவம்” என்று புனிதவதி கணவனை எழுப்பிக் கூட்டிப்போனாள். கதவை அவளே பூட்டினாள்.

திரும்பி வந்தபோது மேசை வெறுமையாக இருந்தது. குசினியில் இரண்டு கோப்பைகளும் கழுவிக் கவிழ்க்கப்பட்டு, நீர் சொட்டிக்கொண்டிருந்தன.

“பாத்தியே, தோல்வியை ஒத்துக்கொண்டிட்டான்!” குகநாதன் வாய்விட்டுச் சிரித்தார்.

புனிதவதி தான் பூட்டிவிட்டுப் போன கதவைத் திரும்பிப் பார்த்தாள். விஜிதரனைப் பனிச்சரிவு கொண்டுபோன நாளிலிருந்து, அந்தக் கதிரைக்கு முன்னால் ஆறிப்போகும் தேநீரைக் கொட்டிக் கோப்பையைக் கழுவுகிறவள் அவள்தான்.