ஒழுகும் குழாய்

மில்லின் பின்பக்கம் ஒழுகும் குழாயை அடைக்க பிளம்பர் வந்திருக்கிறார். சாயங்கால வெயில் சுவர்ப் பாசியின் மேல் சரிந்து கிடக்கிறது. சொட்டு விழும் குழியில் ஒரு குளவி உட்கார்ந்து கூடு கட்ட ஈர மண்ணை உருட்டுகிறது. இந்த வெயில் காலத்தில் சுற்றுவட்டாரத்தில் வேறு ஈரம் இல்லை. அந்த ஈரத்துக்கு வரும் கொசுக்களை நம்பி, உடைந்த செங்கலுக்கு அடியில் ஒரு தவளை தொண்டை துடிக்கக் காத்திருக்கிறது. நானும் என் வீட்டுக்காரியும் ஒன்றாக வேலை பார்த்த நாட்களில் இங்கேதான் டிபன் பாக்ஸ் கழுவுவோம். "பாத்து கால வைங்க, அவரும் நம்ம ஷிப்டுதான்" என்று தவளையைக் காட்டிச் சிரிப்பாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி அவள் வேலையை விட்டு வருஷங்களாகின்றன. இது அதே தவளையா, அதன் பேரனா, எனக்குத் தெரியாது. ஆனால் நான் வீடு திரும்பியதும், சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும் முன்னால், "நம்ம ஆளு இருக்காரா?" என்றுதான் இன்றும் கேட்கிறாள்.

"தள்ளுங்கண்ணே, வாஷர் தேஞ்சுபோச்சு." ஸ்பேனர் கிறீச்சிடுகிறது. சொட்டுச் சத்தம் நின்றுவிடுகிறது. மண்ணுக்குத் திரும்பி வந்த குளவி வாயடைத்த குழாயையே சுற்றுகிறது. நான் என் பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் குழியில் ஊற்றுகிறேன்.

"நாளைக்கு யாருண்ணே ஊத்துவா?"

"நாளைக்கும் எனக்கு ஷிப்டு இருக்குல்ல."

செங்கலுக்கு அடியில் நம்ம ஆளு மெல்ல நகர்ந்து, ஈரத்தில் வயிற்றை வைத்துக்கொள்கிறார்.