காதைத் தொட்ட பிள்ளை

சகல சபையாருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இன்று சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, சித்தூர் சபையில் ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில், ஓர் உயிர் காப்பாற்றப்படும்.

காப்பாற்றப்போகிறவர் சுந்தர்ராஜ். எழுபத்தைந்து வயது, சபைச் செயலாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அறிவிப்பை எழுதி ஒட்டியவரும் அவரேதான்.

போன வாரம்தான் திருப்பதியில் ஒரு ஏசி ஹாலில், தூக்குமேடை நாகரிகத்தின் களங்கம் என்று நாற்பது நிமிடம் பேசிவிட்டு வந்திருந்தார். இரண்டு இடத்தில் குரல் தழுதழுத்தது. இரண்டு இடத்திலும் கைதட்டினார்கள். கடைசியில் சால்வை போட்டார்கள். சித்தூர் வெயிலையும் பொருட்படுத்தாமல் அந்தச் சால்வையோடுதான் இன்றைக்கும் வந்திருந்தார்.

எதிரே ஞானசௌந்தரி. அவள் மகன் சைமனுக்குத் தூக்கு. உள்ளே போய்ப் பதினெட்டு வருஷம். கருணை மனு டெல்லியில் ஒன்பது வருஷம் படுத்துக் கிடந்துவிட்டு, போன மாதம் 'இல்லை' என்ற பதிலோடு எழுந்து வந்தது.

பக்கத்தில் வக்கீல் கேசியா, திருப்பதியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவள். இத்தனை வருஷத்தில் ஞானசௌந்தரியை உட்கார வைத்து, "இவனை எந்த வருஷம் பெத்தீங்க?" என்று கேட்ட முதல் ஆள்.

சுந்தர்ராஜ் பீரோவைத் திறந்து, ஞானஸ்நானப் பதிவேட்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்து மேசையில் வைத்தார். நற்கருணைத் தட்டைக்கூட அவ்வளவு பவ்யமாக யாரும் வைத்ததில்லை.

கேசியா பக்கம் புரட்டினாள். சைமன், பிறந்தது 12 ஆகஸ்ட் 1990. கொலை நடந்தது 2007 அக்டோபர்.

"பதினேழு வருஷம் ரெண்டு மாசம். மைனர். மைனருக்குத் தூக்கு கிடையாது அங்கிள். அப்பவே இதக் காட்டியிருந்தா மூணு வருஷத்துல வெளிய வந்திருப்பான்."

"அவன் செய்யலன்னு நா சொல்லல," என்றாள் ஞானசௌந்தரி, யாரும் கேட்காமலே. "ரெண்டு உசுரு பூடுச்சி. அந்த ஊட்டுப் பொண்ண எங்கியாவது பாத்தா நான் இன்னிக்கும் தலையக் குனிஞ்சிக்கினு பூடுவேன்."

"தைரியமா இரு ஞானம். கர்த்தர் இந்தப் புத்தகத்தைக் கரையானுக்குக் கொடுக்காம வெச்சதே இந்த நாளுக்காகத்தான்," என்றார் சுந்தர்ராஜ். கரையானைத் துரத்தியது தாமே என்கிற தோரணையும் குரலில் இருந்தது.

ஆனால் கேசியா இன்னொரு காகிதத்தை எடுத்தாள். கோர்ட்டு முதலில் பார்ப்பது பள்ளிக்கூடச் சான்றிதழைத்தான். அதில் சைமன் பிறந்தது 1 ஜூன் 1989. அந்தக் கணக்குப்படி பதினெட்டு முடிந்து நான்கு மாதம். அந்தத் தேதி பொய் என்று, எழுதியவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் பதிவேட்டுக்கு மரியாதை.

எழுதியவர் சுந்தர்ராஜ்.

1994-இல் மிஷன் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குத் தலை எண்ணிக்கை குறைந்தது. குறைந்தால் ஒரு டீச்சர் போஸ்ட் போய்விடும். ஆகவே வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்ட பிள்ளைக்கெல்லாம் ஐந்து வயது. எட்டாத பிள்ளைக்குத் தலையைச் சாய்த்துப் பிடித்து எட்ட வைத்தார். வகுப்பில் முப்பத்தொரு பேர். முப்பத்தொரு பேரும் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். சைமனுக்கு அப்போது நான்குகூட ஆகவில்லை.

சுந்தர்ராஜ் சால்வையைக் கழற்றி மடித்தார்.

"பொய்னுதான் போடணுமா? 'உத்தேசமா எழுதினது'ன்னு போட்டா?"

"உத்தேசமா தூக்குல போட மாட்டாங்க அங்கிள்."

"மாஸ்டாரே," என்றாள் ஞானசௌந்தரி. "அன்னிக்கி நானும் 'ஆமா, அஞ்சு'ன்னு தலையாட்டிக்கினுதான நின்னேன்? கோர்ட்டுல வயசப் படிச்சப்பகூட, மாஸ்டாரு எழுதினதுதான் நெசமா இருக்கும், நாமதான் தப்பா எண்ணிக்கினோம்னு கம்முனு இருந்துட்டேன். உங்க பேருக்குக் கீழ என் பேரையும் போடுங்க. கேஸ் வந்தா ரெண்டு பேருமே போலாம்."

அவர் பேனாவை எடுத்தார். 'பள்ளியின் நலன் கருதி' என்று சேர்த்தார். கேசியா அதை அடித்தாள். 'நல்லெண்ணத்தில்' என்றார். அதையும் அடித்தாள். கடைசியில் 'பொய்யான தேதி என்று தெரிந்தே எழுதினேன்' என்பதற்குக் கீழே, எம்.ஏ., பி.எட். இரண்டையும் விடாமல், கையெழுத்துப் போட்டார்.

போட்டு முடித்ததும் நிமிர்ந்தார். நெஞ்சு லேசானது. உண்மைக்கு முன்னால் தலைவணங்கிய மனிதர் இந்த ஜில்லாவில் இன்னும் ஒருவராவது இருக்கிறார். நாளைய ஆராதனையில் இதை எந்த இடத்தில் அறிவிக்கலாம், காணிக்கைக்கு முன்னாலா பின்னாலா என்று யோசனை ஓடியது.

ஞானசௌந்தரி அவர் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க இல்லன்னா என் புள்ள ஏது மாஸ்டாரே."

"நான் வெறும் கருவிம்மா," என்றார் சுந்தர்ராஜ். குரல் தழுதழுத்தது.

2007-இல் சைமனின் வயதைக் கேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்த போலீசுக்குச் சான்றிதழ் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தவரும் அவர்தான்.

அப்போது அவர் பென்ஷனோடு ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது.