வேலி தாண்டும் மான்

அது மானைத் தடுக்கப் போட்ட மூன்றாவது வேலியா நான்காவதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. லியோனா அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது மட்டும் நிச்சயம். குளோவர் கீரைப் பாத்தியில் இன்னொரு மூலையும் மொட்டையாகியிருந்தது.

"பாழாப்போன மான்! பூ வர்றதுக்கு முந்தி நுனித்தளிரா பாத்துப் பாத்துத் தின்னுருக்கு."

"ருசி தெரிஞ்ச மான், அக்கா," என்றான் அத்தை மகன் எல்வின். "ஆறடி வேலியைத் தாண்டியிருக்கே! கதவுக் கொக்கி மாட்டினபடியே இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா இறந்ததிலிருந்து அப்பா ஹார்லன் தட்டைத் தொடுவதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் தானாக எதையாவது சாப்பிடத் தொடங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய்தான் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள்.

வசந்தம் வந்ததும் அவள் இனத்தவரான ஏரிக்கரைப் போமோப் பழங்குடிகள் முதலில் பச்சையாகத் தின்பது இந்தக் குளோவர்த் தளிரைத்தான். ஒரு கிண்ணமாவது பறித்து அவர் முன்னால் வைக்கலாம் என்றிருந்தாள். கிண்ணம் நிறைய அந்த மான் விட்டால்தானே!

"வச்சாலும் மாமா தின்பாரா? சின்ன வயசுல வெள்ளைக்காரங்க பள்ளிக்கூடத்துல இதைத் தின்னதுக்கு மாடு மாடுன்னு சொல்லி அடிச்சாங்களாமே?"

"அதான், பேச்செடுத்தாலே கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிறார். இன்னிக்கு முட்டையும் அப்படியே ஆறிக் கிடக்கு. நான் என்னதான்டா செய்யறது?"

எல்வின் வேலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தான். "விடியக்காலம் துப்பாக்கியோட வரேன். கறியாவது மிஞ்சும்."

மறுநாள் ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வந்துகொண்டிருந்தது. இருவரும் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நெடுநேரம் ஒன்றும் அசையவில்லை.

பிறகு பாத்தியில் சரசரப்பு. குனிந்த பழுப்பு முதுகு ஒன்று தளிர்களுக்கு நடுவே மெல்ல நகர்ந்தது. நறுக் நறுக்கென்று மெல்லும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"திமிரைப் பாரு. சுடுடா," என்று லியோனா அவன் காதில் சீறினாள்.

எல்வின் குறிபார்த்தான். பனி ஒரு பக்கமாக விலகியது. அவன் துப்பாக்கியை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, உன் மான் கண்ணாடி போட்டிருக்கு."