அரணை காட்டிக் கொடுத்தது

கணவனின் சாப்பாட்டு டப்பாவை எடுக்கப் பையைத் திறந்த சஃபீனா போட்ட அலறலில் தாராவிச் சந்தே எட்டிப் பார்த்தது.

"சின்னப் பல்லிதான புள்ள?" என்றான் கமருதீன்.

"பல்லியா? முதுகு நெடுக கோடு, எண்ணெ தேச்ச மினுக்கு! இது அரணை மச்சான். புல்லும் சருகும் கெடக்குற எடத்துலதான் இருக்கும். நம்ம தோல் பட்டறையில ஏது புல்லு? மைதானத்துக்குப் போயிருக்கிய!"

"சத்தியமா இல்ல."

"முட்டி தேஞ்சுபோச்சு, இனி கிரிக்கெட்டே கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா? நாளைக்கே உங்க பேட்டு பழைய சாமான் எடுக்குற பங்கார்காரனுக்கு!"

பதினெட்டு வருஷத்து பேட். கமருதீன் பையை இழுத்துப் பார்த்தான். சிரிப்பு வந்தது.

"ஒரே தோல்ல ரெண்டு பை தச்சேன். என் பை ஜிப்பு போயி டப்பாவோட பட்டறையில கெடக்கு. இது உன் பை."

சஃபீனா சேலைத் தலைப்பைத் திருகினாள்.

"லேபர் கேம்ப் ஏரியா பொம்பளையாளுக கிரிக்கெட் டீம்ல ஒரு ஆளு கொறையுதுன்னு கூப்ட்டாளுவ..."

"எத்தன ரன்னு?"

"முப்பத்தொண்ணு. அவுட்டாகல."

"அப்படியா? பேட்ட பங்கார்ல போட்டுட்டு, அடுத்த ஞாயித்துக்கிழம எத வச்சு ஆடுவ?"