மிஷேலுக்கு எழுதிய பிரெஞ்சு

பாரீசிலிருந்து மிஷேல் என்பவர் இன்டர்நெட்டில் விற்ற பழைய கேமரா லென்ஸை, சொன்ன விலைக்கே வாங்கினேன்.

"கொஞ்சம் கொறச்சுக் கேக்கக் கூடாதா?" என்றாள் என் மனைவி கார்குழலி.

"வெள்ளக்காரங்கிட்ட பேரம் பேசுனா அசிங்கம்டி."

அகராதியைப் புரட்டிப் புரட்டி அவருக்குப் பிரெஞ்சிலேயே மெயில் அனுப்பினேன். ஞாயிறன்று ஒரு கல்யாணத்தைப் படம் பிடிக்க அந்த லென்ஸைத்தான் நம்பியிருந்தேன். லீவுக்குப் புதுச்சேரி வருவதாகவும், நேரிலேயே தருவதாகவும் ஆங்கிலத்தில் ஒரே வரி பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை புதுச் சட்டையோடு, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "போன்ழூர் முசியே" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டரில் வந்த கறுத்த மனிதர் பையை நீட்டினார்.

"இந்தாங்க லென்ஸு. நாந்தான் மிஷேல்."

"நீங்க... தமிழா?"

"சொந்த ஊரு இங்க பக்கத்துல உப்பளங்க. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தாரு. அதான் பாரீசுல இருக்கோம்."

"அப்போ என் பிரெஞ்சு மெயிலு?"

மிஷேல் தயங்கினார்.

"அது பிரெஞ்சாண்ணே? தமிழத்தான் இங்கிலீசு எழுத்துல எழுதியிருக்கீங்கன்னு நெனச்சு, சத்தம் போட்டெல்லாம் படிச்சுப் பாத்தேன்!"